ரோஸ் கலர் டம்பெல்லும் ரெண்டாவது முட்டையும்

மார்ச் மாசக் கணக்கை மூடி, ஆடிட்டருக்குப் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேங்க்ல இருக்கறவங்களுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ரெண்டு மாசமாச்சு. இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன். ஒரு கல்யாண ரிசப்ஷன்ல வந்த கோவம் இன்னும் அடங்கல. எங்கயாவது கொட்டியாகணும். இது கொஞ்சம் நீளமான பதிவு, காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

போன ஞாயித்துக்கிழமை மயூர் விஹார்ல நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணுல ரிசப்ஷன். டெல்லியில வெயில் ஆரம்பிச்சாச்சு, அதனால பாதிப் பேர் ஸ்லீவ்லெஸ் ரவிக்கை. நானும்தான். நாப்பத்தாறு வயசுல முதல் தடவையா. சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது, இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து பழக்கமான ஒரு அக்கா பின்னாடியிருந்து என் கையைப் பிடிச்சு அமுக்கிப் பாத்தாங்க. "என்னடி இது, கட்டையாட்டம் இருக்கு! தோள்ல கோடெல்லாம் தெரியுது. என்ன பண்றே, எங்களுக்கும் சொல்லேன்."

சுத்தி நாலு பேர் கூடிட்டாங்க. ஒருத்தங்களுக்கு அடுத்த மாசம் தம்பி மக கல்யாணம், முப்பது நாள்ல கைச்சதை குறையணும். இன்னொருத்தங்க கொள்ளு ரசமான்னு கேட்டாங்க. ஏதாவது எண்ணெய் தேய்க்கிறியான்னு ஒருத்தங்க. நான் உள்ளதைச் சொன்னேன். "வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்கறேன் அக்கா. தரையிலேருந்து 55 கிலோ, தலைக்கு மேல 20 கிலோ."

அவ்வளவுதான். பிடிச்ச கையை அந்த அக்கா சட்டுனு விட்டாங்க. "ஐயையோ, வெயிட்டா! ஆம்பளை மாதிரி ஆயிடும்டி. கர்ப்பப்பை இறங்கிடும். இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

பத்து நொடிக்கு முன்னாடி எல்லாரும் பாராட்டின அதே கைதான். கை வேணும், அந்தக் கை வந்த வழி வேண்டாம். இந்த மனசை வச்சுத்தான் ஊர்ல பாதி ஜிம்மும், எல்லா பத்திரிகையும், 'ஏழே நாளில் அழகிய கைகள்' கூட்டமும் நம்மகிட்ட காசு பாக்குது. நான் சண்டைக்கு நிக்கறது அந்த அக்காகிட்ட இல்ல. அவங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவங்ககிட்ட. அதுல கொஞ்சம் நம்ம வீட்டு ஆளுங்களும் இருக்காங்க.

முதல்ல நான் ஏன் ஆரம்பிச்சேன்னு சொல்லிடறேன். ஸ்லீவ்லெஸ்ஸுக்காக இல்ல.

2022 ஜனவரி. டெல்லி குளிர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ரங்கமணி ஆபீஸ் வேலையா சண்டிகர் போயிருந்தார். வீட்டுல நான், பன்னெண்டாவது படிச்சிட்டிருந்த மக, அப்புறம் அத்தை. அத்தைன்னா என் மாமியார். அப்போ அவங்களுக்கு எழுபத்து நாலு வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல தொப்புனு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா ஈரத்தரையில கிடக்காங்க. நல்லவேளை எலும்பு எதுவும் முறியல. காலை ஆட்டிக் காட்டினாங்க, இடுப்புல வலி இல்லன்னாங்க. ஆனா எந்திரிக்க முடியல. நானும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிப் பாத்தோம். அத்தை 58 கிலோ. பாதி தூரம் கூட வரல. என் கை நடுங்குது. தோள்பட்டையில சுரீர்னு பிடிச்சுக்கிச்சு. இருபது நிமிஷம் அந்தக் குளிர்ல ஈரத்தரையில அவங்க. கடைசியில கீழ கேட்டுல இருந்த செக்யூரிட்டி பையனைக் கூப்பிட்டேன். போர்வையைச் சுத்தி விட்டோம். அவன் வந்து ஒரே மூச்சுல தூக்கிக் கட்டில்ல உக்கார வச்சுட்டு, "கோயீ பாத் நஹீ ஆன்ட்டி"ன்னு போயிட்டான். நல்ல பையன்.

அத்தை ரெண்டு நாள் சரியாப் பேசல. மூணாம் நாள் தலை வாரி விடும்போது மெதுவாச் சொன்னாங்க. "அந்தப் பையன் முன்னாடி அப்படிக் கிடந்தேனே. நீ தூக்கியிருக்கக் கூடாதாம்மா?"

குத்திக்காட்டற ஆள் இல்ல அவங்க. அவமானம் தாங்காமக் கேட்ட கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. பி.காம். படிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, ப்ரமோஷன் வாங்கி, கோடிக்கணக்குல கடன் சாங்ஷன் பண்ற கை. ஒரு வயசானவங்களைத் தரையிலேருந்து தூக்கி விட முடியல.

அந்த வாரமே பக்கத்துல இருந்த ஜிம்முக்குப் போய் ஒரு வருஷச் சந்தா கட்டினேன். அங்க ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் இரும்புத் தட்டு, கம்பி, பெஞ்சு, எல்லாம் ஆம்பளைங்க. இன்னொரு பக்கம் கண்ணாடிச் சுவரு, பாட்டு, பாய், வரிசையா ரோஸ் கலர் டம்பெல். ஒண்ணு 1 கிலோ. அது 'லேடீஸ் செக்ஷன்'. கனமாத் தூக்கக் கத்துக்கணும்னு சொன்னேன். ட்ரெயினர் சிரிச்சார். "மேம், ஆப்கோ பாடி நஹீ பனானா ஹை நா? சிர்ஃப் டோனிங்."

ரெண்டு மாசம் அந்த ரோஸ் டம்பெல்லை ஆட்டினேன். மேல முப்பது, பக்கத்துல முப்பது, பின்னாடி முப்பது. கை எரியும், வேர்க்கும், நல்லா வேலை நடக்குதுன்னு தோணும். ஒண்ணும் நடக்கல. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாரச் சந்தையிலேருந்து வீட்டுக்கு வரும்போதுதான் உறைச்சது. ஒரு கையில ஆறு கிலோ காய்கறி, இன்னொரு கையில அஞ்சு கிலோ ஆட்டா. இதையே மூணு மாடி தூக்கிட்டு ஏறறேன். இந்தக் கைக்கு 1 கிலோ டம்பெல் என்ன கத்துக்கொடுக்கும்?

நம்ம வீட்டுல ஒரு பொண்ணு தினம் எதைத் தூக்கறான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. நிறைஞ்ச வாளித் தண்ணி 15 கிலோ. ரெண்டு வயசுக் குழந்தை 12 கிலோ. கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா 30 கிலோகிட்ட வரும். அதை உருட்டி நகத்தி மாட்டறது யாரு? அப்போ எல்லாம் யாரும் கர்ப்பப்பை இறங்கிடும்னு சொல்றதில்ல. வீட்டுக்காகத் தூக்கினா கடமை, தனக்காகத் தூக்கினா ஆபத்து. இது வைத்தியம் இல்ல, வழக்கம். (ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு, ரத்த அழுத்தம், தோள் வலி, எலும்புத் தேய்மானம் இருக்கறவங்க கண்டிப்பா டாக்டரைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். அது வேற விஷயம்.)

இப்போ அந்த 'டோனிங்' வார்த்தைக்கு வருவோம். அப்படி ஒண்ணு உடம்புல கிடையாது. மேல்கையோட தோற்றத்தைத் தீர்மானிக்கறது ரெண்டே விஷயம். உள்ள இருக்கற தசை எவ்வளவு, அதுக்கு மேல போர்த்தியிருக்கற கொழுப்பு எவ்வளவு. தசை கூடி, கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சா கோடு தெரியும். அவ்வளவுதான் ரகசியம்.

கொழுப்பைக் குறிப்பிட்ட ஒரு இடத்துல மட்டும் குறைக்க முடியுமா? கையை ஆட்டினா கைக்கொழுப்பு கரையும்னு சொல்றதை நம்பித்தான் நானும் ரெண்டு மாசம் ஆட்டினேன். 1971-ல அமெரிக்காவுல டென்னிஸ் ஆடறவங்க கையை அளந்து பாத்தாங்க. வருஷக்கணக்கா ஒரே கையால மட்டையை வீசறவங்க. ஆடற கையில தசை கூட இருந்தது. ஆனா தோலுக்கடியில இருக்கற கொழுப்போட கனம் ரெண்டு கையிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். கொழுப்பு உடம்பு முழுக்கக் குறையும்போது அங்கயும் குறையும். எங்க முதல்ல, எங்க கடைசின்னு முடிவு பண்றது உங்க பரம்பரை. நம்ம கையில இருக்கறது தசை மட்டும்தான். மேல்கைத் தசையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பின்பக்கம் இருக்கற ட்ரைசெப்ஸ். நாம டாட்டா காட்டும்போது ஆடுதுன்னு வெக்கப்படற இடம் அதுதான். நாம அதுக்கு வேலையே கொடுக்கறதில்ல.

வேலை கொடுக்காம ஏன் வளராது? பேங்க்காரி பாஷையில சொல்றேன். தசைங்கறது சம்பளம் அதிகம் கேக்கற ஸ்டாஃப். உடம்பு ரொம்பக் கறாரான ஹெட் ஆபீஸ். பிசினஸ் இல்லாத கிளைக்கு ஆள் போடவே போடாது. இருக்கற ஆளால முடியல, வேலை குமியுதுன்னு தெரிஞ்சாத்தான் புது ஆளை அனுப்பும். 1 கிலோவை முப்பது தடவை ஆட்டறது ஏற்கெனவே இருக்கற ஆள் தூங்கிக்கிட்டே செய்யற வேலை. எட்டாவது, பத்தாவது தடவை கை மேல போக மறுக்கணும். அந்தக் கனம்தான் ஹெட் ஆபீஸுக்குப் போற லெட்டர். அது பழகினதும் இன்னும் கொஞ்சம் கூட்டணும். இல்லன்னா அடுத்த ஆள் வரமாட்டான்.

"ஆம்பளை மாதிரி ஆயிடும்." இதுக்கு ஒரே பதில், அவ்வளவு சுலபம் இல்ல தாயே! ஆம்பளைக்கு அந்தத் தசையைக் கொடுக்கற டெஸ்டோஸ்டிரோன் நம்மகிட்ட இருக்கறதை விட பத்து மடங்குக்கும் மேல அவங்ககிட்ட. அப்படி இருந்தும் ஜிம்முல பாதி ஆம்பளைங்க வருஷக்கணக்கா முக்கியும் ஒரு இஞ்ச் ஏறாம இருக்காங்க. தினம் பாக்கறேன். நமக்கு மட்டும் தூங்கி எந்திரிச்சா பயில்வான் ஆயிடுமாக்கும்?

மீராபாய் சானுவைப் பாருங்க. அஞ்சடி உயரம் கூட இல்ல, 2021-ல 49 கிலோ எடைப்பிரிவு. மணிப்பூர்ல சின்ன வயசுல விறகுக்கட்டு சுமந்த பொண்ணு. 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஸ்னாட்ச்ல 87, கிளீன் அண்ட் ஜெர்க்ல 115, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினாங்க. அதுக்கும் முன்னாடி, 2000-ல சிட்னியில 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கின கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக்ஸ்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண். ஓட்டத்துல இல்ல, டென்னிஸ்ல இல்ல, எடை தூக்கறதுல! நாட்டுக்குப் பதக்கம் கொண்டு வந்த முதல் பொண்ணு எடை தூக்கினவங்க. ஆந்திராவுல பிறந்து, நம்மளை மாதிரியே வடக்க வந்து குடியேறினவங்க. இங்க டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரா 2021-ல அவங்களைத்தான் போட்டாங்க. அன்னைக்கு டிவி முன்னாடி கை தட்டின நம்ம வீடுகள்லதான் மகளுக்கு 'வெயிட்டெல்லாம் வேணாம், டான்ஸ் கிளாஸ் போ'ன்னு சொல்றோம்.

நம்ம ஊர்ல இல்லாத வழக்கமும் இல்ல இது. திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவாங்க. பணகுடி கிட்ட வடலிவிளையில அந்தப் போட்டியில பெண்களும் கல்லைத் தூக்கறாங்க. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைன்னு நம்ம பாஷையிலயே எல்லாத்துக்கும் பேர் இருக்கு. பேரை எல்லாம் ஆம்பளைக்கு எழுதிக் கொடுத்துட்டோம், அதான் வித்தியாசம்.

அடுத்து எல்லாரும் சொல்றது, "வீட்டுவேலையை விட என்ன எக்ஸர்சைஸ்? எங்க பாட்டி ஜிம்முக்கா போனாங்க?" எங்க பாட்டியும் போகல. அம்மியில அரைச்சாங்க, உரல்ல மாவாட்டினாங்க, உலக்கை பிடிச்சாங்க, கிணத்துல தண்ணி சேந்தினாங்க. பாட்டி கை கல்லு மாதிரி இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த அம்மியை வித்துட்டு, மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கிட்டு, ஊர் விட்டு ஊர் வந்து மூணாவது மாடி ஃப்ளாட்டுல இருந்துகிட்டு பாட்டி கையை மட்டும் எதிர்பாத்தா எப்படி? அதுக்காக அம்மிக்குத் திரும்புவோம்னு சொல்ற ஆள் நான் இல்ல. பாட்டிக்கு ஓய்வும் இல்ல, சரியான சாப்பாடும் இல்ல, அம்பது வயசுல முதுகு வளைஞ்சது. இன்னைக்கு வீட்டுவேலை உடம்பை அசத்துது, பலப்படுத்தல. பாத்திரம் கழுவறதுல கனம் ஏறாது. ஒரே அசைவு, ஒரே கனம், இருபது வருஷம். அதுல வளர்றது தசை இல்ல, தோள் வலி.

வாக்கிங் போறேனேன்னு சொல்றவங்களுக்கு. நல்லது, விடாமப் போங்க. இதயத்துக்கு வேணும். ஆனா கை நடக்கறதில்ல. காலனி பார்க்குல வச்சிருக்கற பச்சை, மஞ்சள் இரும்பு மெஷின்ல பாதி ஊஞ்சல்தான், கனத்தைக் கூட்ட வழி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டியில நடைக்கு மேலயும் வாரத்துல ரெண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைக்கும் பலப்படுத்தற பயிற்சி வேணும்னு சொல்லியிருக்கு. ஆம்பளைக்கு மட்டும்னு அதுல எழுதல.

ஏன் இவ்வளவு கத்தறேன்? முப்பது வயசுக்கு மேல ஒண்ணும் செய்யாம இருந்தா பத்து வருஷத்துக்கு 3லேருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை போகுது. அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. நமக்கு நாப்பத்தாறு, நாப்பத்தேழுல மாதவிலக்கு நிக்கும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்கி எலும்பும் கரைய ஆரம்பிக்குது. விழுந்தா மணிக்கட்டு, இடுப்பு. சாப்பாட்டுக்கப்புறம் ரத்தத்துல ஏர்ற சர்க்கரையை அதிகமா உறிஞ்சிக்கறதும் தசைதான். 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிங்க. தேய்மானம் எழுதிக்கிட்டே போற சொத்துல பராமரிப்புச் செலவே பண்ணலன்னா என்ன ஆகும்னு காமர்ஸ் படிச்ச யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சரி, என்ன செய்யணும்? நான் செய்யறதைச் சொல்றேன். கத்துக்கொடுக்க ஒழுங்கான ஆள் கிடைச்சா முதல் ரெண்டு மாசம் அவங்ககிட்டயே கத்துக்கோங்க.

1. தண்டால். முதல்ல சுவத்துல கை ஊன்றி. அப்புறம் சமையல் மேடையில. அப்புறம் கட்டில் விளிம்புல. கடைசியில தரையில. நான் தரைக்கு வர எட்டு மாசமாச்சு. நெஞ்சு, தோள், பின்கை மூணும் இதுலயே வேலை செய்யும்.
2. இழுக்கறது. ஒரு கையை நாற்காலியில ஊன்றிக் குனிஞ்சு, மறு கையால கனத்தை இடுப்பு வரைக்கும் இழுக்கறது. முதுகு வளையக் கூடாது.
3. தலைக்கு மேல தூக்கறது.
4. பின்கை. உக்காந்து, ரெண்டு கையாலயும் ஒரு டம்பெல்லைத் தலைக்குப் பின்னாடி இறக்கி மேல நீட்டறது.
5. முழங்கையை மடக்கித் தூக்கறது. எல்லாரும் இதை மட்டும்தான் செய்யறாங்க. இது கடைசி.
6. கனத்தை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு பஸ்கி. கைப் பதிவுல கால் எதுக்குன்னு கேக்காதீங்க. அத்தையைத் தூக்கறது கை மட்டும் இல்ல.
7. ரெண்டு கையிலயும் கனம் பிடிச்சு நிமிந்து நடக்கறது. ரெண்டு வாளித் தண்ணி போதும்.

ஒவ்வொண்ணும் எட்டுலேருந்து பன்னெண்டு தடவை, மூணு சுத்து, நடுவுல ஒண்ணு ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிக்கலாம். கடைசி ரெண்டு தடவை நிஜமாவே கஷ்டமா இருக்கற கனம். மூணு சுத்துலயும் பன்னெண்டு சுலபமா வந்தா அடுத்த வாரம் கனத்தைக் கூட்டுங்க. மூட்டுல சுரீர்னு வலிச்சா நிறுத்துங்க. தசை எரியறது வேற, மூட்டு வலிக்கறது வேற. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துல மூணு நாள், நாப்பது நிமிஷம். காசு இல்லன்னா 5 கிலோ அரிசிப் பை, புத்தகம் அடுக்கின ஸ்கூல் பை, தண்ணி வாளி. முப்பது நாள்ல ரிசப்ஷனுக்குக் கை வராது. மூணு மாசத்துல பலம் தெரியும், ஆறு மாசத்துல கண்ணாடியில தெரியும். எனக்கு அடுத்தவங்க கண்ணுல பட ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இப்போ ரங்கமணிகளுக்குப் பிடிக்காத பகுதி. சாப்பாடு.

நான் பழைய சாப்பாட்டைக் கணக்கு போட்டுப் பாத்தேன். காலையில காபி, மூணு இட்லி, சாம்பார். மத்தியானம் டப்பாவுல எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, தயிர் கொஞ்சம். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி ரெண்டு சப்பாத்தி, குருமா. எல்லாம் கூட்டினாலும் புரதம் 30 கிராம் பக்கம்தான் வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 கணக்குப்படி ஒரு கிலோ உடம்புக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்கறவங்களுக்கு அதை விடக் கூடவே வேணும். அதாவது தினம் 20 கிராம் பற்றாக்குறையில இருபது வருஷம் ஓட்டியிருக்கேன். ஹெட் ஆபீஸ் ஆள் அனுப்பத் தயாரா இருந்தாலும் சம்பளம் கொடுக்கப் பணம் இல்ல.

எங்க போச்சு அந்த 20 கிராம்? வேற எங்கயும் போகல, அடுத்த தட்டுக்குத்தான் போச்சு. எங்க வீட்டுல ரங்கமணிக்கு ரெண்டு முட்டை, மகளுக்கு வளர்ற வயசுன்னு ரெண்டு, எனக்கு மிச்சம் இருந்தா ஒண்ணு. யாரும் சட்டம் போடல. நானேதான் அப்படி வச்சேன். எங்க அம்மா அப்படி வச்சாங்க. குழம்புல மீன் துண்டு அவருக்கு, குழம்பு எனக்கு. சைவ வீட்டுல கதை வேற மாதிரி. கெட்டிப் பருப்பும் கெட்டித் தயிரும் முதல் பந்திக்கு, கடைசியில சாப்பிடறவளுக்குத் தெளிஞ்ச சாம்பாரும் நீர்மோரும். தியாகம்னு இதுக்குப் பேர் வச்சு, பாட்டு எழுதி, அன்னையர் தினத்துக்கு கேக்கும் வெட்டிடறோம். ஒரு முட்டையில 6 கிராம். தட்டுல ரெண்டாவது முட்டை இருக்கட்டும், பாட்டு அப்புறம் பாடலாம்.

முட்டை சாப்பிடாதவங்களுக்கு, 100 கிராம் பனீர்ல 18 கிராம். இந்த ஊர்ல தெருவுக்கு நாலு கடையில கிடைக்குது. 30 கிராம் சோயா உருண்டையில 15. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில 7. சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் பண்ணணும்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்ல. இன்னொண்ணு, எந்நேரமும் அசதியா இருந்தா சோம்பேறின்னு உங்களையே திட்டிக்காதீங்க. முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல 15லேருந்து 49 வயசுக்குள்ள நம்ம பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

அப்புறம் நேரம். வாரத்துக்கு மூணு நாப்பது நிமிஷம், மொத்தம் ரெண்டு மணி நேரம். அதை யார் தர்றது? நான் கேட்டப்போ ரங்கமணி, "தாராளமாப் போ, யார் தடுத்தா?"ன்னார். யாரும் தடுக்கல. ஆனா காலையில ஆறு மணிக்கு நான் ஜிம்முல இருந்தா குக்கர் வைக்கறது யாரு? தடுக்காம இருக்கறது அனுமதி இல்ல சார், குக்கர் வைக்கறதுதான் அனுமதி. மூணு வாரம் முறைச்சுக்கிட்டோம். இப்போ திங்கள், புதன், வெள்ளி டிபன் அவர் பொறுப்பு. உப்புமா ஒட்டுது, சட்னியில காரம் தூக்கலா இருக்கு. யாரும் செத்துப் போயிடல.

ஸ்லீவ்லெஸ் போட ஆசைப்படறது தப்புன்னு நான் சொல்லல. நானே போட்டேன், ரெண்டு தடவை கண்ணாடியும் பாத்தேன். அழகுக்காக ஆரம்பிச்சாலும் சரி, ஆரம்பிங்க. ஆனா அழகு மட்டுமே குறின்னா ரிசப்ஷன் முடிஞ்ச மறுநாள் நின்னுடும். மெலிஞ்ச கைதான் அழகுன்னு நம்மளைப் பட்டினி போட வச்சவங்க, இப்போ கோடு தெரியற கைதான் அழகுன்னு வேற ஒண்ணை விக்கறாங்க. நாளைக்கு அதுவும் மாறும். அன்னைக்கும் நம்ம வீட்டுல யாராவது வழுக்கி விழுவாங்க. நாமளும் ஒருநாள் விழுவோம். அப்போ தரையில கை ஊன்றித் தானா எந்திரிக்க முடியுமாங்கறதுதான் கேள்வி.

அத்தைக்கு இப்போ எழுபத்தெட்டு. போன டிசம்பர்ல ஜுரம் வந்து நாலு நாள் படுத்துட்டாங்க. கட்டில்லேருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலேருந்து பாத்ரூமுக்கு, எல்லாம் நான்தான். கேட்டுக்கு போன் போடல. அவங்க ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லிக்கல. ஜுரம் விட்ட ரெண்டாவது வாரம் அவங்களே கேட்டாங்க, "நீ அங்க போய் என்னதான் பண்றே? எனக்கும் ஏதாவது சொல்லேன்." டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிச்சோம். கையை ஊன்றாம நாற்காலியிலேருந்து அஞ்சு தடவை எந்திரிக்கறது. சுவத்துல கை வச்சு தண்டால். அப்புறம், நான் பீரோவுக்கு மேல தூக்கிப் போட்ட ரோஸ் கலர் டம்பெல் ஜோடி. எழுபத்தெட்டு வயசுக் கைக்கு 1 கிலோ சரியான கனம். போன வாரம் பன்னெண்டு தடவை சுலபமா வருதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு கிலோ வாங்கணும்.

அந்த ரிசப்ஷன் அக்கா இதைப் படிப்பாங்க, எனக்குத் தெரியும். அக்கா, கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வாங்க. அரிசிப் பையும் வாளியும் இருக்கு. ரெண்டு முட்டையும் வேக வச்சு வைக்கறேன்.

பி.கு.: ரங்கமணியோட உப்புமாவைப் பத்தி எழுதினதுக்கு அவர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கியாச்சு. சட்னியைப் பத்தி வாங்கல.